பேனா பிடிக்கிற கை

மூடுபனி வந்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், லேப் அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேரை மலைமேட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். மணி மூன்றே கால். எதிரே இருந்த புல்வெளி, அதைத் தாண்டியிருந்த பாறை, பாறைக்கு மேலிருந்த வானம் என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையைத் துடைத்த மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. புத்தியுள்ள எவளும் பயப்பட வேண்டிய நேரம். அவளோ கைப்பையையும் குடையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி நின்றாள்.

அவள் அப்படித்தான். பள்ளியில் தலைமையாசிரியை முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. ஆய்வகத்தில் குடுவை கழுவுவது, கம்பி சுற்றுவது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்குவது அவள் வேலை. ஆறு வருடமாகத் தற்காலிகம். இன்னும் நாலு மாதத்தில் நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்துக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் சரியாகச் சாத்தாத ஒரு கதவு. அந்தக் கதவிடுக்கில்தான் அவள் பௌதிகம் படித்தாள். பௌதிக வாத்தியாரின் குரல் வரும், முகம் வராது. அவர் பலகையில் என்ன வரைந்தார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் என்ன, அவளே வரைந்துகொள்வாள். கண்ணை மூடினால் காந்தத்தின் வடமுனையிலிருந்து கோடுகள் புறப்படும். வளைந்து, அகன்று, அறை முழுக்கப் பரவி, ஜன்னலைத் தாண்டி, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல், சமர்த்தாகத் தென்முனைக்குத் திரும்பி வரும். இந்தப் பூமியே ஒரு காந்தம்தான், நாமெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்தான் எழுந்து குளித்துச் சாப்பிட்டு உறங்குகிறோம் என்று அவர் சொன்ன நாளில், அவள் கையிலிருந்த குடுவை நழுவி உடைந்தது. பதில் சொல்ல வேண்டியவளும் அவளே, பெருக்க வேண்டியவளும் அவளே.

ஆகவே இன்றைக்கு வெள்ளை வெள்ளையாகக் காற்று முகத்தில் வந்து ஒட்டியபோது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்தார்கள். யாரோ சிரித்தது எங்கிருந்தோ வந்தது. இப்படியே நின்றுகொண்டே இருக்கலாம் என்று நினைத்தாள்.

"சார், எங்களுக்கு வடக்கு இந்தப் பக்கம்!"

"போடி, எங்களுக்கு வடக்கு அந்தப் பக்கம்!"

அவ்வளவுதான். கனவு கலைந்தது.

பூகோள ஆசிரியர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அதனால் அவர் விசில் சார். வரைபடம் படிக்கிற பயிற்சிக்கென்று பிள்ளைகளை அழைத்து வந்தது அவர்தான். கூட வரவேண்டிய பௌதிக வாத்தியார் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட, லேப் அக்காவை அனுப்பினார்கள். பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு திசைகாட்டி கொடுத்து, மூடியைத் திறக்கச் சொன்ன நேரத்தில்தான் பனி இறங்கியது.

"வடக்கே ரெண்டா சார்? போன வருஷம் வரைக்கும் ஒண்ணுதானே இருந்துச்சு?" என்றாள் ஒருத்தி. வாய் ஓயாத பிள்ளை. வகுப்பில் அவளுக்கு வானொலி என்று பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான்.

விசில் சார் ஐந்து திசைகாட்டிகளையும் வாங்கிப் புல்லில் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வரிசையாக வைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஐந்து முட்களும் ஒரே கோட்டில்தான் படுத்திருந்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றின் சிவப்புத் தலை ஒரு பக்கம், இரண்டின் சிவப்புத் தலை நேர் எதிர்ப் பக்கம்.

லேப் அக்காவுக்குச் சட்டென்று ஆய்வகத்துப் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆய்வக அலமாரிக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தான். காந்தங்கள் வலது அலமாரி, திசைகாட்டிகள் இடது அலமாரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம். இது ஆய்வகத்தின் சட்டம். அவளே அட்டையில் எழுதி ஒட்டிய சட்டம். ஆள் அவசரப்படுத்தினான் என்று, எல்லாவற்றையும் அள்ளி ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் மறந்தே போனாள். மூன்று நாள். பெரிய காந்தத்தின் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தால் சின்ன முள் என்ன செய்யும்? தன் குணத்தை விட்டுவிட்டுப் பெரியதன் சொல்படி திரும்பிக்கொள்ளும். வடக்காக இருந்த முனை தெற்காகிவிடும். சிவப்புச் சாயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்று காலையில் விசில் சார் வந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றதும் டின்னைத் திறந்து ஐந்தை எண்ணிக் கொடுத்தாள். எப்போதும் ஜன்னலருகே வைத்துச் சரிபார்க்கிறவள், இன்றைக்குப் பார்க்கவில்லை.

"சண்டை எதுக்கு?" என்றார் விசில் சார். "மூணு முள்ளு இந்தப் பக்கம்ங்குது, ரெண்டு முள்ளு அந்தப் பக்கம்ங்குது. மூணு பெருசா, ரெண்டு பெருசா? பழைய பொருள், ரெண்டு கெட்டுப் போயிருக்கும். நடங்க, நடங்க. அஞ்சு மணிக்கு மேல பஸ் நிக்காது."

வடக்கே இரண்டு கிலோமீட்டரில் தார்ச்சாலை. அங்கே பள்ளிப் பேருந்து நிற்கிறது. தெற்கே போனால் கைவிட்ட கல்குவாரி. காலையில் வெயிலில் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். வேலி கிடையாது, பலகை கிடையாது. புல் போகிறது, போகிறது, அப்புறம் புல் இல்லை. கீழே பச்சைத் தண்ணீர். பிள்ளைகளின் கைபேசிகள் பள்ளி அலுவலகத்துப் பெட்டியில். சாருடையது படம் எடுத்தே செத்துப்போனது. லேப் அக்காவிடம் இருந்த பொத்தான் போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

அவள் நடந்தாள். இருபது அடி, முப்பது அடி. நிரந்தரம் ஆக நாலு மாதம்தானே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. மூன்று பெரியதுதானே, சார் சொல்வது சரியாகக்கூட இருக்கலாமே என்று இன்னொரு குரல். முன்னால் போன பிள்ளைகளின் பின்னல்கள் மட்டும் பனிக்குள் ஆடின, பிள்ளைகளைக் காணோம். அந்தப் பின்னல்களைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"சார், நில்லுங்க. முள்ளு கெட்டுப் போகல. திரும்பியிருக்கு. நான்தான் சார் காரணம்."

சொல்லிவிட்டாள். பிஸ்கட் டின், வர்ணம், மூன்று நாள், ஒன்றுவிடாமல். விசில் சார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இத மேல வந்தா சொல்றது? கீழேயே சொல்றதுக்கு என்ன?"

"கீழ தெரியல சார். இப்பத்தான் உறைச்சுது."

"சரி, அப்ப எது திரும்புனது? மூணா, ரெண்டா?"

"அதுதான் தெரியல."

"தெரியலயா!" என்று அவர் கத்தியதைப் பனி அப்படியே விழுங்கிக்கொண்டது. எதிரொலிகூட வரவில்லை. பிள்ளைகள் நெருங்கி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். குளிரில் ஒருத்திக்குப் பல் தந்தியடித்தது.

"சார், இங்கேயே உக்காந்துடலாமா? பனி விலகட்டும்."

"போன வாரம் இறங்கின பனி மூணு நாள் விலகல. இந்தக் குளிர்ல இதுங்களை வச்சுக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?" அவர் குரல் இறங்கியது. கோபமாக இருந்ததெல்லாம் பயம்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மகளும் பத்தாம் வகுப்புதான், வேறு பள்ளியில்.

லேப் அக்கா புல்லில் உட்கார்ந்தாள். யோசிக்க அவளுக்கு உட்கார வேண்டும், கை எதையாவது தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடுவை இல்லாததால் குடையைத் தேய்த்தாள். எது வடக்கு என்று பூமியைக் கேட்கத்தான் முள் இருக்கிறது. முள்ளே பொய் சொன்னால் யாரைப் போய்க் கேட்பது? பொய்யே சொல்லத் தெரியாத ஒரு காந்தம் வேண்டும். தன் வடமுனை எது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிறக்கிற காந்தம்.

குடையைத் தேய்த்த விரலில் கம்பி இடறியது.

அந்தக் குடையின் பட்டை போன மழைக்கே அறுந்துவிட்டது. புதிதாக வாங்காமல், ஆய்வகத்துச் சிவப்புக் கம்பி ஒன்றால் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி, ஒன்றரை மீட்டர். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவள் வீட்டில் சர்க்கரைப் பொட்டலத்தை மூடுவதுகூட ஆய்வகத்துக் கவ்விதான்.

"சார், உங்க டார்ச்சு குடுங்க."

"இப்ப டார்ச்சு எதுக்கு?"

"பேட்டரி வேணும்."

அவர் கொடுத்தார். இரண்டு பேட்டரி. தலையில் கூட்டல் குறி, காலில் கழித்தல் குறி, அழகாக அச்சடித்திருந்தது. அந்தக் குறியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்தது. இந்த வெள்ளைக் காட்டில் திசை மாறாத பொருள் ஒன்று உண்டென்றால் இதுதான். எந்த டின்னில் போட்டாலும் கூட்டல் கூட்டல்தான்.

கம்பியை அவிழ்த்து, ஒரு தடித்த மார்க்கர் பேனா மேல் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றினாள். பிறகு பேனாவை உருவிவிட்டு, நுனிகளைப் பல்லால் கடித்து உரித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தக் கோடுகள் எழும்பும். கம்பியைச் சுருட்டிவிட்டால் அந்தக் கோடுகளெல்லாம் ஒன்றுகூடி, ஒரு முனையில் புறப்பட்டு மறு முனையில் நுழையும்; சுருளே ஒரு காந்தமாகிவிடும். ஓட்டம் நின்றால் காந்தமும் நின்றுவிடும். இது நாலு நாள் முன்னால்தான் வகுப்பில் நடந்த பாடம். சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஆறாவது தடவை.

"எந்த முனை வடக்குன்னு எப்படிக்கா தெரியும்?" என்றாள் வானொலி. "ஐயோ, இருங்க, நானே சொல்றேன். பேனா பிடிக்கிற கை!"

"பேனா பிடிக்கிற கை" என்றாள் லேப் அக்காவும். பௌதிக வாத்தியார் அப்படித்தான் சொல்வார். வருடா வருடம், அதே ராகத்தில், கதவிடுக்கு வழியாக: பேனா பிடிக்கிற கையை எடுங்க. மின்சாரம் கூட்டல்ல கிளம்பிக் கழித்தலுக்குப் போகுது. அது சுத்துற பக்கமா விரலை மடக்கிச் சுருளைப் பிடிங்க. கட்டை விரல் எந்தப் பக்கம் நீட்டுதோ, அதான் வடமுனை.

அவள் பேனா பிடிக்கிற கையால் சுருளைப் பிடித்தாள். கட்டை விரல் நீட்டிய முனையில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்தாள். முதல் திசைகாட்டியை மூன்று விரல் தள்ளி வைத்து, கம்பி நுனியைப் பேட்டரியில் தொட்டாள். முள் சிலிர்த்தது, உடம்பைத் திருப்பியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உறக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி, மெதுவாக. கம்பி விரலைச் சுட்டது. எடுத்தாள். முள் பழைய இடத்துக்கே போனது.

வடமுனையிடம் ஒட்டிக்கொள்ள வருவது தென்முனையாகத்தானே இருக்க வேண்டும்? நல்ல முள் என்றால் வெள்ளை வால் வரும், சிவப்புத் தலை விலகும். ஐந்தையும் பார்த்தாள். மூன்றில் வெள்ளை வால் வந்தது. இரண்டில் சிவப்புத் தலை வந்தது.

"மூணுதான் சரி சார். ரெண்டுதான் திரும்பியிருக்கு."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் விசில் சார். சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்திலும் அவருக்கு அதில் ஒரு குஷி.

நடந்தார்கள். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தப்பு செய்தாள்தான், ஆனால் சரிசெய்துவிட்டாள். காலடியில் மட்டும் கொஞ்சம் புல் தெரிந்தது, நடக்க நடக்க அதே புல் திரும்ப வருகிற மாதிரி. சத்தங்கள் பஞ்சில் பொதிந்து வந்தன. பத்து நிமிடமா, இருபது நிமிடமா என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் தரையிலிருந்து எழுந்து, தங்கள் பதின்மூன்று பேர் வழியாகவும் புகுந்து, வடக்கே வடக்கே என்று ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். அந்த ஓட்டத்தோடுதான் போகிறோம் என்று நிம்மதியாக இருந்தது.

வானொலியால் சும்மா வர முடியுமா? சுருளை லேப் அக்காவிடமிருந்து கேட்டு வாங்கி, நடந்துகொண்டே விளையாடினாள். கூட்டல், கழித்தல், விரலை மடக்கு, பிடி.

"அக்கா."

"என்னடா?"

"நூலு கட்டினது வடமுனைன்னீங்க. எனக்குக் கட்டை விரல் இந்தப் பக்கமில்ல வருது?"

"மாத்திப் பிடிச்சிருப்பே."

"இல்லக்கா. பாருங்க."

நின்றாள். பார்த்தாள். கூட்டல் இங்கே, சுற்று இந்தப் பக்கமாக. வானொலியின் விரல்கள் சரியாகத்தான் மடங்கியிருந்தன. கட்டை விரல் நூல் இல்லாத முனையைக் காட்டியது. லேப் அக்கா சுருளை வாங்கித் தான் பிடித்தாள். கட்டை விரல் நூலைக் காட்டியது.

"சார்! நில்லுங்க! யாரும் ஒரு அடி வைக்காதீங்க!"

"இப்ப என்னம்மா?" என்று சலித்துக்கொண்டே திரும்பி வந்தார் சார். அவர் பிடித்துப் பார்த்தார். வானொலியின் பக்கம். இன்னொரு பிள்ளை பிடித்தாள். வானொலியின் பக்கம்.

"அக்கா" என்றாள் வானொலி, முதல் முறையாக மெதுவாக. "நீங்க எந்தக் கையில பேனா பிடிப்பீங்க?"

லேப் அக்கா தன் கையைப் பார்த்தாள். இடது கை. சின்ன வயதில் அடி வாங்கியும் மாறாத கை. அந்தக் கதவிடுக்கு வழியாக ஆறு வருடம் குரலைக் கேட்டாளே தவிர, குரலுக்குரிய கையைப் பார்த்தாளா? வாத்தியார் பேனா பிடிக்கிற கை என்றார். அவள் தன் பேனா பிடிக்கிற கையை எடுத்தாள். அதில் என்ன சந்தேகம் வர இருக்கிறது?

"எங்க மூணு பேருக்கும் ஒரே மாதிரி வருதுக்கா, அப்ப எங்களது சரியாத்தானே இருக்கணும்?"

"முள்ளும் மூணுதான் ஒரே மாதிரி இருந்துச்சு" என்றார் விசில் சார். அவர் குரலில் குஷி எதுவும் மிச்சமில்லை. "ஆள் கணக்கு பாத்து இனிமே ஒரு அடி வைக்க மாட்டேன். எந்தக் கைன்னு யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா? புத்தகத்துல படிச்சவங்க?"

பிள்ளைகள் முழித்தார்கள். புத்தகத்தை யார் திறந்தார்கள்? வாத்தியாரின் ராகம்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

"எனக்கு அக்கா மாதிரிதான் வரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பிள்ளை காலையிலிருந்து பேசிய முதல் வாக்கியம் அது. கடைசி பெஞ்சு. வருவதும் போவதும் தெரியாது, அதனால் பூனை என்பார்கள். இடது கையை நீட்டிக் காட்டினாள்.

"நானும் இந்தக் கைதான். முந்தாநாள் டெஸ்ட்டுல இதே கேள்வி வந்துச்சு. சுருள் படம் போட்டு, வடமுனை எதுன்னு. நான் பிடிச்சுப் பாத்துதான் எழுதினேன். நாலு கேள்வி. நாலும் தப்புன்னு போட்டு முட்டை போட்டுட்டாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏன் தப்புன்னே தெரியல. நல்லாத்தான் பிடிச்சேன்."

லேப் அக்கா விரல் விட்டு எண்ணினாள். நாலு கேள்வி, நாலும் தப்பு. ஒன்றாவது குருட்டாம்போக்கில் சரியாக வந்திருக்க வேண்டாமா? வராது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை நேர் எதிரைத்தான் காட்டும், தவறாமல்.

"வலது கை சார்" என்றாள். "வலது கைதான். நான் பிடிச்சது தப்பு. ரெண்டு முள்ளுதான் நல்ல முள்ளு. நாம தெக்க போயிட்டு இருக்கோம்."

அவள் குனிந்து கையில் அடங்குகிற ஒரு கல்லை எடுத்தாள். இவ்வளவு நேரம் நடந்துகொண்டிருந்த திசையில், இடது கையால், பலம் கொண்ட மட்டும் வீசினாள்.

கல் வெள்ளைக்குள் போனது. புல்லில் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. வரவில்லை. வானொலி லேப் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எங்கோ கீழே, மிகவும் கீழே, தண்ணீர் ஒரு தடவை சப்தமிட்டது.

விசில் சார் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். விசிலை வாயில் வைத்தார், ஊத மறந்துபோய் வெறுமனே கடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி நடந்தது அவர்களில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து நீளமாக ஒரே வரிசை. முன்னால் லேப் அக்கா, அவள் உள்ளங்கையில் நல்ல முள். அவளுக்குப் பின்னால் பூனை, அவள் கையில் இன்னொரு நல்ல முள். பத்தடிக்கு ஒருமுறை இரண்டையும் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். புல் உரசுகிற சத்தம் மட்டும் கூடவே வந்தது. முகத்தில் ஈரம், பனியா, கண்ணீரா, துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கால் வலித்தது, நேரம் போனது தெரியவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு மஞ்சள் வெளிச்சம் பழம் மாதிரி தொங்கியது. அது பேருந்தின் விளக்கு என்று தெரிய நெடுநேரமாயிற்று. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வைதுகொண்டிருந்தார். அவ்வளவு இனிமையான வசவை அவர்கள் கேட்டதே இல்லை.

பேருந்தில் விசில் சார் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"டின்னு கதையை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. பிள்ளைங்களையும் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நானே எழுதிக் குடுக்கப் போறேன் சார்."

"எதுக்குங்க? நாலு மாசம்தானே இருக்கு?"

"டின்னுல என்ன கிடக்குன்னு யார்கிட்டயும் சொல்லாம விட்டுதான் சார் இவ்வளவும் வந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து உறங்கிப்போனாள்.

திங்கட்கிழமை காலை கடிதத்தை எழுதி, தலைமையாசிரியையின் மேசையில் வைத்தாள். அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாலு மாசம் கழிச்சுப் பேசுவோம், போங்க" என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்துக்கு வந்து, காந்தங்களை வலது அலமாரியிலும், திசைகாட்டிகளை இடது அலமாரியிலும் வைத்தாள். திரும்பிய மூன்று முட்களையும் சுருளுக்குள் விட்டு, ஓட்டம் கொடுத்து, பழையபடி திருப்பினாள். ஒவ்வொன்றையும் ஜன்னலருகே வைத்துப் பார்த்தாள். குடுவைகள் கிடந்தன. கழுவ உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. கன்னம் இன்னும் வீங்கியிருக்கும் போல, வாத்தியாரின் குரல் குழறியது. வானொலி வேலையைக் காட்டாமல் இருப்பாளா? ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கல் தண்ணீரில் விழுந்த இடத்தில் அவளே நிறுத்திவிட்டாள்.

சரியாகச் சாத்தாத கதவு திறந்தது. பௌதிக வாத்தியார் நின்றார். ஆறு வருடத்தில் பாட நேரத்தில் அந்தக் கதவு திறந்தது இதுதான் முதல் தடவை.

"லேப் அக்கா, உள்ள வாங்க."

"கை ஈரமா இருக்கு சார்."

"பரவால்ல, வாங்க."

வாசல்படி வரை வந்து நின்றாள். பலகையில் சுருள் ஒன்று வரைந்திருந்தது. அவள் மனதில் வரைந்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

வாத்தியார் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இந்த வகுப்புல இடது கையால எழுதுறவங்க யாரு? பதினெட்டு வருஷமா நான் கேக்காத கேள்வி இது. கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. லேப் அக்கா கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஒரு தலை குனிந்திருந்தது. அவள் கையைப் புடவையில் துடைக்கக்கூட இல்லை. தண்ணீர் முழங்கைக்கு வழிய, தன் இடது கையை உயர்த்தினாள்.

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து, மெதுவாக, இன்னொரு இடது கை மேலே எழுந்தது.

வாத்தியார் பலகையில் வலது கை என்று பெரிதாக எழுதினார். அப்புறம் கடைசி பெஞ்சு வரை நடந்துபோய், "அந்த டெஸ்ட்டு பேப்பரைக் குடும்மா" என்றார்.